வளைந்த பிளைவுட் நாற்காலி: அச்சு, வெனீர், பசை

கடையில் விற்கும் பிளைவுட் பலகையை யாரும் வளைப்பதில்லை. அதை வெந்நீரில் ஊறவைத்தாலும் ஆவியில் வேகவைத்தாலும் ஒன்று பசை விட்டுப்போகும், இல்லாவிட்டால் பலகை முறியும். வளைந்த பிளைவுட் இருக்கை என்பது மரத்திலிருந்து மெல்லிசாக உரித்த வெனீர் தாள்களைப் பசை தடவி அடுக்கி, அச்சின் மேல் அழுத்தி, அந்த வளைவிலேயே பசையை இறுகவிட்டுச் செய்வது. தனித்தனியாக இருக்கும்போது 1.5 மி.மீ. வெனீர் காகிதம் மாதிரி வளையும். ஏழு தாள் ஒட்டிக்கொண்டபின் அதன்மேல் ஆள் ஏறி உட்காரலாம்.

1930-களில் பின்லாந்தில் அல்வார் ஆல்ட்டோ செய்த பைமியோ நாற்காலியும், அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணை 1945 வாக்கில் முடித்த எல்.சி.டபிள்யூ. (Lounge Chair Wood) நாற்காலியும், டென்மார்க்கில் ஆர்னே யாகப்சன் 1952-ல் வடித்த எறும்பு நாற்காலியும், ஜப்பானில் சோரி யனாகியின் வண்ணத்துப்பூச்சி ஸ்டூலும் இந்த ஒரே முறையில் பிறந்தவை. இங்கே சொல்லப்போவது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் எளிய நாற்காலிக்கான இருக்கையும் முதுகுப் பலகையும். எதற்கும் நகல் இல்லை. தொழிற்சாலை அழுத்தி இல்லாமல் ஒரு சிறு பட்டறையில் செய்யக்கூடிய அளவு.

முதலில் ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இரட்டை வளைவு. காகிதத்தை உருளைமேல் சுற்றலாம், பந்தின்மேல் சுற்றினால் சுருங்கும். வெனீரும் அப்படித்தான். 1940-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் போட்டிக்கு சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினனும் கொடுத்த நாற்காலிகளில் இருக்கையும் முதுகும் ஒரே ஓடு, எல்லாத் திசையிலும் வளைவு. ஓட்டில் விழுந்த விரிசலை மெத்தை போட்டு மூட வேண்டியதாயிற்று. பிறகு ஈம்ஸ் இணை தங்கள் லாஸ் ஏஞ்சலிஸ் குடியிருப்பில் பிளாஸ்டர் அச்சு, மின்சூட்டுக் கம்பிகள், சைக்கிள் பம்பு வைத்து ஊதும் ரப்பர் பை என்று ஒரு கருவி செய்து பல காலம் போராடினார்கள். அமெரிக்கக் கடற்படைக்காக 1942-ல், அடிபட்ட காலை அசையாமல் கட்டிவைக்க அவர்கள் வடித்த பிளைவுட் கால் பட்டையில் அங்கங்கே நீளத் துளைகள் இருக்கும். கட்டுத்துணி கோக்க மட்டுமல்ல, வெனீர் சுருங்க வேண்டிய இடத்தில் மரத்தையே எடுத்துவிட்டால் சுருக்கம் விழாது என்பதற்காகவும்தான். யாகப்சனின் எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருப்பதும் இதே கணக்கு. எல்.சி.டபிள்யூ.வில் இருக்கை வேறு, முதுகு வேறு என்று பிரிந்ததற்குப் பின்னால் இருப்பதும் இந்த அனுபவமே. அதனால் முதல் நாற்காலியில் இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே திசை வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை முன்பின்னாக வளையட்டும், முதுகு இடவலமாக வளையட்டும். உடம்புக்கு அது போதும்.

அளவுகள்

இருக்கை: முடிந்தபின் 420 மி.மீ. அகலம், வளைவோடு அளந்தால் 400 மி.மீ. ஆழம், ஏழு அடுக்கு, 10.5 மி.மீ. தடிமன். பின்பக்கம் 700 மி.மீ. ஆரத்தில் மெல்லிய குழிவு. முன்முனை 110 மி.மீ. ஆரத்தில் 40 பாகை கீழே இறங்கும். இந்த இறக்கம் அழகுக்காக அல்ல. அது இல்லாவிட்டால் பலகை விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அறுக்கும்.

முதுகு: 420 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம், ஐந்து அடுக்கு, 7.5 மி.மீ. தடிமன், 400 மி.மீ. ஆரம்.

வெனீர் தாள்களை இருக்கைக்கு 460 × 460, முதுகுக்கு 470 × 230 என்று பெரிதாக வெட்டுங்கள். ஓரம் எப்படியும் சீராக வராது. வளைவின் வெளி அடுக்கு உள் அடுக்கைவிட நீண்ட தூரம் போக வேண்டும் என்பதும் ஒரு காரணம். 40 பாகை வளைவில் 10.5 மி.மீ. தடிமனுக்கு இந்த வித்தியாசம் மட்டும் 7 மி.மீ.க்கு மேல். ஒரு நாற்காலிக்கு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் வெனீர் போகும். வாங்கும்போது நாலரை சதுர மீட்டராக வாங்குங்கள். முதல் செட் சோதனைக்குப் போகும், கொஞ்சம் உடையும்.

வெனீர்

கடைகளில் வெனீர் என்று கேட்டால் அலங்கார வெனீரைக் காட்டுவார்கள். அரை மி.மீ. தடிமனில், பெரும்பாலும் பிளைமேல் ஏற்கெனவே ஒட்டியது. உங்களுக்கு வேண்டியது பிளைவுட் ஆலைகள் உள்ளே வைக்கும் 1.5 மி.மீ. கோர் வெனீர். கேரளத்தின் பெரும்பாவூர் போன்ற பிளைவுட் ஊர்களில் இது தாளாகவே கைமாறுகிறது. ரப்பர் மர வெனீர் என்றால் பூச்சி மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தை உளுவண்டு மாவாக்கிவிடும். வளைவுக்கென்று விற்கும் ஃபிளெக்சி பிளையை இருக்கைக்கு நம்ப வேண்டாம். அதன் இரு முகங்களிலும் ரேகை (மரநார் ஓடும் திசை) ஒன்றாகவே ஓட, நடுவில் மெல்லிய ஒரு குறுக்குத் தாள்தான். ஒரு திசையில் வலு, மறுதிசையில் ரப்பர் மாதிரி. ஆனால் அழுத்தத் தகடாக அதைவிட நல்லது கிடையாது.

ரேகை ஓட்டம் இப்படி: 1, 3, 5, 7-ஆம் தாள்களில் ரேகை வளைவோடு ஓட வேண்டும், 2, 4, 6-ல் அதற்குக் குறுக்கே. எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. நடுத்தாளுக்கு மேலும் கீழும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் இருக்க வேண்டும். ஒரு தாள் இரண்டு மூன்று பாகை கோணலாக விழுந்தாலே பலகை காய்ந்தபின் முறுக்கிக்கொள்ளும், தரையில் வைத்தால் ஒரு மூலை தூக்கும். முறுக்கிய பலகையை நேராக்க வழியே இல்லை, விறகுதான். ஆகவே தாள்களை அவற்றின் ஓரத்தை வைத்து அல்ல, ரேகையைப் பார்த்து மூலைமட்டம் வைத்து வெட்டுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கோர் வெனீர் சுழலும் கட்டையிலிருந்து கத்தி வைத்து உரித்தது. உரிக்கும்போது ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் ரேகை நெடுகிலும் விழும். தாளை ரேகைக்கு இணையான மடிப்பாக இருபுறமும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாக வளையும். அப்போது வெளியே புடைக்கும் முகம்தான் கீறல் முகம். குறுக்குத் தாள்களை வைக்கும்போது அந்த முகத்தை வளைவின் உட்புறமாக வையுங்கள், கீறல் மூடிக்கொள்ளும். வெளிப்புறமாக வைத்தால் ஒவ்வொரு கீறலும் வாய் திறக்கும். மேலே தெரியும் முகத்தாளில் கீறல் முகம் பசைப் பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் பாலிஷ் ஏறியதும் மயிரிழை கோடுகளாகத் தெரியும்.

தாள்கள் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 8 முதல் 10 சதவீதம். மழைக்காலத்தில் தரையோடு போட்டுவைத்த வெனீரில் அப்படியே பசை தடவினால் அந்த ஈரம் உள்ளே சிறைப்பட்டு, பிறகு பலகையைக் கோணலாக்கும். அலையலையாக வளைந்த தாளை லேசாக நீர் தெளித்து, செய்தித்தாள் வைத்து, இரு பலகைகளுக்கு நடுவே பாரம் ஏற்றி, காகிதத்தைத் தினம் மாற்றிக் காயவிடுங்கள்.

அச்சு

மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். ஷீட், 8 × 4 அடி, 18 மி.மீ., ஒன்று போதும். அதை 500 × 118 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் வாள் தின்னும் அளவு போக 40 துண்டு வரும். 27 துண்டை ஒட்டினால் 486 மி.மீ. அகலத்தில் இருக்கை அச்சு. மீதி 13-ஐ ஒட்டினால் 234 மி.மீ., முதுகுக்குச் சரி. முதல் துண்டில் வளைவை வரைந்து வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, விரலை ஓட்டினால் மேடுபள்ளம் தட்டாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். மற்ற துண்டுகளை அதை வைத்துக் குறித்து, ஜிக்சாவில் ஒரு மி.மீ. விட்டு வெட்டி, ரூட்டரில் (மரம் செதுக்கும் மின்கருவி) பேரிங் வைத்த பிட் போட்டு அதற்குச் சமமாக்குங்கள். அச்சில் உள்ள ஒவ்வொரு தழும்பும் பலகையில் அப்படியே பதியும். இந்த ஒரு வேலைக்கு இரண்டு நாள் செலவழித்தால் அது வீண் இல்லை.

இரும்புக் கிளாம்ப் போட்டு ஆண் அச்சு, பெண் அச்சு என்று இரண்டுக்கும் நடுவே அழுத்துவது பழைய முறை. அதில் நடக்கும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ஒரே கட்டையை ஒரே வெட்டாக வளைவில் அறுத்து, இரண்டு பாதியையும் ஆண், பெண் என்று வைத்துக்கொள்வார்கள். இரண்டு வளைவின் ஆரமும் ஒன்று என்றால் நடுவில் 10.5 மி.மீ. பலகை வைத்தவுடன் அவை பொருந்தாது. சில இடம் நசுங்கும், சில இடத்தில் பசை காற்றில் நிற்கும். அடியில் 110 மி.மீ. ஆரம் என்றால் மேலே 120.5 மி.மீ. இருக்க வேண்டும். குழிவுப் பகுதியில் கணக்கு தலைகீழ்: அடியில் 700 என்றால் மேலே 689.5. பாகை கூடக் கூட இன்னொரு தொல்லை. கிளாம்ப் அழுத்துவது மேலிருந்து கீழே மட்டும், ஆகையால் செங்குத்தாக நிற்கும் சரிவுகளில் அழுத்தம் சேராது.

பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பை இதையெல்லாம் தவிர்க்கும். ஓர் அச்சு போதும், அழுத்தம் எந்தச் சரிவிலும் அதன் முகத்துக்கு நேராக விழும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரே பம்பாக ஓடும், வாயுவை முறையாக இறக்கியபின் கழற்றியதாக இருக்கட்டும். வெற்றிட மானியில் 25 அங்குலம் (பாதரச அளவு) காட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு எட்டு டன்னுக்கு மேல், நம் இருக்கைத் தாள்மேல் சுமார் 1.8 டன் பாரம். ஊட்டிபோல் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அங்கே எந்தப் பம்பும் இந்த எண்ணைக் காட்டாது. மெல்லிய வெனீருக்கு அங்கும் போதும், 2 மி.மீ.க்கு மேல் போனால் கிளாம்பே நல்லது. பைக்கு அரை மி.மீ.க்குக் குறையாத வினைல் ஷீட், ஓரத்தை ஒட்ட பியூட்டைல் டேப். அச்சின் மேல்முகத்தில் இரண்டு கோட் பாலிஷ் போட்டு, காய்ந்ததும் மெழுகு தேயுங்கள், அல்லது அகலமான பேக்கிங் டேப் ஒட்டுங்கள். இதை மறந்தால் பலகையும் அச்சும் ஒன்றாகிவிடும்.

எந்தப் பசை

வெள்ளைப் பசை கைக்கு எளிது, ஆனால் காய்ந்தபின்னும் லேசான இளக்கம் இருக்கும். வளைந்த தாள்கள் நிமிரப் பார்த்துக்கொண்டே இருப்பதால் மாதக்கணக்கில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து வளைவு திறந்துகொள்ளும். கடினமாக இறுகும் பசை வேண்டும்: யூரியா ஃபார்மால்டிஹைடு பவுடர் பசை, அல்லது நிதானமாக இறுகும் எப்பாக்சி. முன்னது மலிவு, காய்ந்த பசை கண்ணாடிபோல் விறைக்கும். கலக்கும்போதும் தேய்க்கும்போதும் கையுறை, முகமூடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். எப்பாக்சியில் தண்ணீர் இல்லை என்பதால் வெனீர் ஊதாது, ஆனால் விலை வலிக்கும்.

இரு தாள்களுக்கு நடுவே வரும் பசைப் படலம்தான் பசைக் கோடு. ஒரு சதுர மீட்டர் பசைக் கோட்டுக்கு 200 கிராம் வைத்துக்கொண்டால், இருக்கையின் ஆறு கோடுகளுக்கு 250 கிராம் போகும். 300 கிராம் கலக்குங்கள். முதுகின் நான்கு கோடுகளுக்கு 110. தண்ணீர் விகிதம் டப்பாவில் எழுதியபடியே, தராசு வைத்து. கண்ணளவு வேண்டாம்.

மே மாத மதியத்தில் இந்தப் பசை உங்களுக்காகக் காத்திருக்காது. டப்பாவில் சொல்லும் நேரம் பொதுவாக 20 பாகை சூட்டுக்கு. 35 பாகையில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த நீரில் கலக்குங்கள், எல்லாத் தாளையும் எண் போட்டு வரிசையாக அடுக்கி, ஒருமுறை பசை இல்லாமலே பைக்குள் போட்டுப் பம்பை ஓட்டிப் பாருங்கள். முன்முனை வளைவில் வெடிச்சத்தம் கேட்டால் தாள் தடிமன் அந்த ஆரத்துக்கு அதிகம். பசை ஊற்றியபிறகு இது தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

அழுத்தும் நாள்

ரோலரால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முகத்தில் மட்டும், ஆனால் முழுக்கச் சீராகத் தடவுங்கள். அரை மி.மீ. அலங்கார வெனீரை முகத்தாளுக்குமேல் போடுவதாக இருந்தால் அதன் அடியில் கஞ்சத்தனமாகத் தடவுங்கள். அதிகமானால் துவாரங்கள் வழியே வெளியே கசிந்து கறையாகும், அதில் எந்தச் சாயமும் பிடிக்காது. அப்படிப் போட்டால் அடிப்பக்கமும் ஒன்று போட்டாக வேண்டும்.

தாள்கள் பசையில் வழுக்கும். எல்லா மூலையிலும் ஆணி அடித்து நிறுத்தத் தோன்றும், அது தவறு. வளையும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க வேண்டும், இரு முனையும் கட்டிப்போட்டால் உள் அடுக்கு மடிந்து புடைக்கும். முன்பின் நீளத்தின் நடுக்கோட்டில், இடதும் வலதும் கழிவுப் பகுதியில் ஒவ்வொரு சிறு ஆணி மட்டும் போதும். இரு முனையும் தாமே சறுக்கிக்கொள்ளும்.

அடுக்கின்மேல் ஒரு பாலிதீன் தாள், அதன்மேல் 3 மி.மீ. ஃபிளெக்சி பிளை தகடு, அதன்மேல் காற்று போகக் கொசுவலைத் துணி, பிறகு பை. தகடு இல்லாவிட்டால் பையின் ஒவ்வொரு சுருக்கமும் முகத்தாளில் தழும்பாகப் பதியும். பம்பை ஓட்டி, பை இறுகும்போதே நடுவிலிருந்து முனை நோக்கிக் கையால் தடவிக்கொண்டே போங்கள். 25 அங்குலம் வந்ததும் பம்பை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். முள் விறுவிறுவென இறங்கினால் கசிவு, காதை ஓரத்தில் வைத்தால் சீறல் கேட்கும். 25 பாகைக்குமேல் சூடு இருந்தால் 12 மணி நேரம். தொழிற்சாலைகள் சூட்டு அழுத்தியிலோ ரேடியோ அலையிலோ சில நிமிடங்களில் முடிப்பது இதே வேலைதான்.

கிளாம்ப் முறையில் போவோர் நடுவிலிருந்து தொடங்கி, 80 மி.மீ. இடைவெளியில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து இறுக்குங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் பசை குளமாகத் தேங்கும்.

அச்சிலிருந்து எடுத்தபின்

வளைவு கொஞ்சம் திறக்கும். ஒரு தாள் தனியே எவ்வளவு நிமிருமோ அதை அடுக்கு எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ அந்த அளவு. ஏழு அடுக்குக்கு 49-ல் ஒரு பங்கு: 40 பாகையில் ஒரு பாகைகூட இல்லை. ஐந்து அடுக்கு முதுகில் 54 மி.மீ. குழிவு 2 மி.மீ. குறையும். இதைவிட நூதனம், தண்ணீர் கலந்த பசையில் வளைவு நாள்போக்கில் மூடிக்கொள்ளவும் செய்யும். ஊதிய தாள்கள் காயும்போது தடிமன் சுருங்குகிறது, நீளம் சுருங்குவதில்லை, அதனால் கோணம் கூடுகிறது. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் அச்சை முன்கூட்டியே திருத்தி வெட்ட வேண்டாம். 60 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை அதே ஏழு அடுக்கில் முதலில் அழுத்தி, மூன்று நாள் கழித்து அச்சில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 2 பாகைக்குமேல் இருந்தால் மட்டும் அச்சில் கைவையுங்கள்.

பலகை முழுக்க நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே ஒட்டவில்லை. ஓரத்தில் என்றால் பிளந்து ஊசியால் எப்பாக்சி செலுத்தி மறுபடி கிளாம்ப் போடலாம். நடுவில், முன்வளைவின்மேல் என்றால் அந்தப் பலகையில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

இரண்டு நாள் காற்றாட நிறுத்தி வைத்தபின் வெட்டுங்கள். அச்சையே தாங்கியாகப் பயன்படுத்தி, கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நுண்பல் பிளேடு போட்ட ஜிக்சாவில் 2 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை ரூட்டரில். மூலைகளுக்கு 50 மி.மீ. ஆரம், விளிம்புக்கு 3 மி.மீ. உருட்டல். பிறகு 80, 120, 180, 240 என்று உப்புத்தாள். விளிம்பில் தெரியும் அடுக்குக் கோடுகளைப் பட்டை ஒட்டி மறைக்காதீர்கள், இந்த வகை நாற்காலியின் முகமே அதுதான். பாலிஷ் மேலும் கீழும் சம எண்ணிக்கையில். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம்தானே என்று விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் உறிஞ்சிப் பலகை குவியும்.

சட்டத்தில் பொருத்துமுன் 340 மி.மீ. இடைவெளியில் இரு கட்டைகளை வைத்து, முன்பின் நீளம் அவற்றுக்குக் குறுக்கே வருமாறு இருக்கையை வையுங்கள். நூறு கிலோ மணல் மூட்டையை மெல்ல ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். இறக்கியபின் பலகை பழைய இடத்துக்கு வர வேண்டும், நடுவில் முனகல் சத்தம் கேட்கக் கூடாது.

10.5 மி.மீ. பலகையில் நேராகத் திருகு போட்டால் பத்து முறை உட்கார்ந்ததும் பிடுங்கிக்கொள்ளும். இருக்கைக்கு அடியில் 60 × 60 × 20 மி.மீ. தேக்குக் கட்டை நான்கை, வளைவுக்கு இழைத்து, எப்பாக்சியில் ஒட்டி, அவற்றில் எம்6 மறை போட்டு போல்ட் கொடுங்கள். முதுகுக்கு ஈம்ஸ் வழிதான் சுகம்: பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர். 60 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன் ரப்பர் வட்டு, அதன் ஒருமுகத்தில் போல்ட் பற்றவைத்த 3 மி.மீ. இரும்புத் தகடு, மறுமுகம் பலகையில். சாய்ந்தால் முதுகு உங்களோடு சற்றே திரும்பும். அவர்கள் ரப்பரை மரத்தில் ஒட்ட கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சூட்டு ஒட்டு முறையை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் எப்பாக்சிதான், ரப்பரையும் மரத்தையும் 80 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்தபின். அது நூறு சதவீத நம்பிக்கைக்குரியதல்ல. பழைய ஈம்ஸ் சாய்வு நாற்காலிகளிலேயே முதிர்ந்து கெட்டியான ரப்பர் விட்டுப்போய், சாய்ந்த வேகத்தில் பலகை பிளந்துபோவதுண்டு. முதுகு அகலத்துக்கு இரண்டு வட்டு, நடுவிலிருந்து தலா 70 மி.மீ. தள்ளி வையுங்கள். கனமான ஆட்கள் உட்காரும் வீடென்றால் ஒவ்வொரு வட்டின் நடுவிலும் குமிழ்த்தலை போல்ட்டைப் பலகையின் முன்பக்கத்திலிருந்து ஊடுருவவிட்டுச் சட்டத்தோடு முடுக்குங்கள். அப்போது தகட்டுக்குத் தனி போல்ட் வேண்டாம், நடுவில் துளை போதும். அந்தத் தலை வெளியே தெரிவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இருக்கை முன்விளிம்பு தரையிலிருந்து 430 மி.மீ., பின்பக்கம் 5 பாகை தாழ்வு, முதுகு இருக்கையிலிருந்து 100 முதல் 105 பாகை. ஒரு மாதம் கழித்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்குங்கள், அதற்குள் ரப்பர் அமுங்கியிருக்கும்.